ஏழு மணிக்கு எத்தனை மார்க்?

4 மார்ச் 2007, ஞாயிறு

கம்ப்யூட்டர் பத்திரிகை வந்துவிட்டது. நாற்பத்தோராம் பக்கம். ‘ஏழு தீவு: பத்துக்கு ஒன்பது.’ கீழே கோ. ரோகிணி, கல்பாக்கம். ஹால், அடுக்களை, மொட்டை மாடி என்று மூன்று இடத்தில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். நானே எழுதியதுதான். அச்சில் பார்த்தால் யாரோ கெட்டிக்காரி எழுதியது போல் இருக்கிறது.

படகு ஓட்டித் தீவு பிடிக்கும் ஆன்லைன் விளையாட்டு. பத்து நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து விளையாடினேன். எங்கள் டெலிபோன் லைனில் காலை எட்டு மணி வரைதான் இன்டர்நெட்டுக்குக் கணக்கு கிடையாது. ‘வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஓரிடத்திலும் திக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். அணு ஆராய்ச்சி நிலையத்தில் மீட்டர் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவர். “ஒரு மார்க் ஏன் குறைஞ்சுது?” என்றார். பாட்டு சுமார் என்றேன். ஸ்கூலில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் மகள் விளையாட்டுக்கும் மார்க் போடுகிறாள் என்று அம்மா மூன்று குவார்ட்டர்ஸ் தள்ளிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

9 மார்ச், வெள்ளி

புதுப்பட்டினத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சாலமோன் அண்ணன், என் பக்கத்தைக் கிழித்துக் கதவில் ஒட்டியிருக்கிறார். மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ‘நம்ம ஊர் டீச்சர் 9 மார்க்’. பஸ்ஸில் இருந்தே படிக்க முடிகிறது. இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கினேன், நினைப்பு எங்கேயோ.

17 மார்ச், சனி

மார்க்கெட்டில் மீன் விற்கும் தனகோடி அக்கா மறித்தாள். கையில் வஞ்சிரம் வெட்டும் கத்தி.

“நீதான அந்த மார்க்கு போட்ட டீச்சரு?”

பெருமையாகத் தலையாட்டினேன். என் புத்தி.

“இன்னாத்துக்கும்மா ஒம்போது? உள்ளயே வுடல. வாசல்லயே நிக்க வெச்சிகினு கீது.”

அவள் வீட்டுக்காரர் சின்னையன் மஸ்கட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். வெள்ளிக்கிழமைதான் லீவு. சாயந்தரம் நம் ஏழு மணிக்கு அவர் அங்கே ஒரு சென்டரில் உட்காருவார், இவள் சாலமோன் அண்ணன் கடையில். போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் சண்டை வந்துவிடுமாம். சேர்ந்து ஒரு படகை ஓட்டிக்கொண்டே டைப் அடித்துப் பேசினால் வருவதில்லையாம். பழைய விளையாட்டை விட்டு இதற்கு மாறியது என் பக்கத்தைச் சாலமோன் அண்ணன் படித்துக் காட்டியதால்.

“ரெண்டு வெள்ளி பூட்ச்சி. அவரு அங்க, நானு இங்க, நடுவுல உன் ஒம்போது.”

உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னே? பத்து நாள் ஆடியிருக்கேன், ஒரு தடவ கூட நின்னதில்ல. மீன் வெட்டுறவ வந்து எனக்குச் சொல்லித் தர்றா.

18 மார்ச், ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு மறுபடி பார்த்தேன். வழுக்கிக்கொண்டுதான் ஓடுகிறது.

23 மார்ச், வெள்ளி

நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஏழு மணிக்குச் சாலமோன் அண்ணன் கடைக்குப் போனேன். தனகோடி அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திரையில் வந்தது: உங்களுக்கு முன்னால் 412 பேர். காத்திருக்கவும்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விட்டது. படகு நாலடி போய் நின்றது. அதற்குள் அங்கே சின்னையன் காத்திருந்து எழுந்து போய்விட்டார். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “சாப்ட்டாரான்னு கூட கேக்கல” என்று சாலமோன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள். திட்டியிருக்கலாம்.

காலை ஐந்து மணிக்கு யார் விளையாடுவார்கள்? என்னைத் தவிர எந்தப் பைத்தியம்? டிப்போவில் நிற்கும் முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்த ரூட்டில் தாராளமாக இடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. “ரீடிங் பக்கத்துல மணி எழுதாம எங்க ஆபீஸ்ல ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டான்” என்றார். எங்கள் பத்திரிகையில் போடுகிறோம்.

26 மார்ச், திங்கள்

ஆசிரியர் ஹரிகிருஷ்ணன் சாருக்கு போன் செய்து, திருத்தி எழுத வேண்டும் என்றேன்.

“பின் அட்டை விளம்பரம் யாரோடதுன்னு தெரியும்ல?”

தெரியும். ஏழு தீவு விடுகிற அதே கம்பெனி.

“மத்த பத்திரிகைக்காரங்க எல்லாருமே எட்டு, ஒன்பதுதான் போட்டிருக்காங்கம்மா. கம்பெனி அவங்களுக்குன்னு தனியா, கூட்டமே இல்லாம திறந்துவிட்ட வழில போய் ஆடிட்டு எழுதினாங்க. நீயாவது சொந்த லைன்ல ஆடின.”

ஆறுதல் சொல்கிறாராம். அந்தக் கூட்டத்தில் நான்தான் யோக்கியமா? “அப்ப இனிமே என் பேரைப் போடாதீங்க சார்” என்று வைத்துவிட்டேன். போச்சு. அந்தப் பேரை எவ்ளோ ஆசையா பார்த்தேன்.

30 மார்ச், வெள்ளி

ஸ்கூல் விட்டதும் நேராகச் சாலமோன் அண்ணன் கடை. ஆறு மணிக்கே அக்கா பேரில் நுழைந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டேன், ரேஷன் கடையில் பை வைத்து இடம் பிடிக்கிற மாதிரி. ஏழடிக்கும்போது எனக்கு முன்னால் மூன்றே பேர். அக்கா வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “நவுரு, அவரு வந்துகினு கீறாரு” என்றாள். அவ்வளவுதான் மன்னிப்பு.

அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரே படகில். நடுநடுவே திக்கினாலும் ஓட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அசட்டுத்தனம். அக்கா வாய் மட்டும் ஓயவில்லை. “அலைக்கு விலாவ காட்டிகினு போவுது பாரு. இது படகா, தண்ணித் தொட்டியா?” ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். பத்து நாளில் இதில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லையே.

12 ஏப்ரல், வியாழன்

ஹரிகிருஷ்ணன் சார் போன். ஒன்பது மார்க் போட்ட அம்மணி ஒரு நாள் ஏழு மணிக்கு ஆடிப் பார்க்கட்டும் என்று மதுரையில் இருந்து வேலூர் வரை கடிதமாம். “எழுதித் தொலைம்மா” என்றார். குரலில் சிரிப்பு இருந்த மாதிரி பட்டது.

6 மே, ஞாயிறு

வந்துவிட்டது. ‘ஏழு தீவு. காலை 5 மணி: ஒன்பது, ரோகிணி. மாலை 7 மணி: மூன்று, தனகோடி, புதுப்பட்டினம்.’ பின் அட்டையில் இப்போது இன்வெர்ட்டர் விளம்பரம். சாலமோன் அண்ணன் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினார். அக்கா தன் பேரை விரலால் தொட்டுப் பார்த்தாள். “மூணே ஜாஸ்தி. போட்டோ போட மாட்டாங்களா?”

இனி எல்லா விளையாட்டுக்கும் இரண்டு மார்க், மணியோடு. ஆசிரியரே சொல்லிவிட்டார்.

15 ஜூன், வெள்ளி

சின்னையன் லீவில் வந்திருக்கிறார். ஏழு மணிக்குச் சாலமோன் அண்ணன் கடையில் மூன்றாம் மெஷினில் அவர், நான்காம் மெஷினில் அக்கா. தோளும் தோளும் இடிக்கிறது, வாயைத் திறக்காமல் டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் பேசக் கூடாதா என்றேன். “வூட்ல பேசுனா சண்டை வருது டீச்சர்” என்றார் அவர்.

பிறகு, “புதுசா ஒண்ணு வந்துகீதாமே, நல்லாகீதா?” என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “டீச்சரு காலைலதான் பாத்துருக்கும். நானு சாயந்தரம் பாத்துட்டு சொல்றேன், இரு.”

நோட்டில் மணி 7.10 என்று எழுதிவிட்டு, அவளுக்காகப் புதிய விளையாட்டின் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.