குடிக்கத் தெரிஞ்சவங்க

ஞாயிறு, கள்ளக்குறிச்சி

மதியம் நாத்தனாருக்கு இத்தாலி போட்டோக்களைக் காட்டினேன். தேவாலயத்துச் சுவர் ஓவியங்கள், மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், கையில் ஒயினோடு நானும் இவரும். வீட்டுவேலைக்கு வரும் செல்வி காபி டம்ளர் எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் புருஷன் விஷச்சாராயம் குடித்துச் செத்தவன்.

“இன்னாக்கா அது, செவப்பா?”

“ஒயின்.”

“குடிச்சா ஒண்ணும் ஆவாதுங்களா?”

“அது குடிக்கத் தெரிஞ்சவங்க குடிக்கறது, செல்வி.”

நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாயந்திரம் கிளம்பும்போது செல்வி வாசலில் நின்று கேட்டாள்: “எங்க வூட்டுக்காரரு குடிக்கத் தெரியாமதான் செத்துட்டாருங்களாக்கா?”

“இருட்டப் போவுது, கிளம்பு” என்றேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. நாளைக்கு வருவாளா தெரியவில்லை. ராத்திரிப் பாத்திரமெல்லாம் தொட்டியில் அப்படியே கிடக்கிறது.