சிரிக்கும் எழுத்தில் ஓர் இரங்கல்

மே 20, திங்கள்

இந்த மாதமும் ‘சிலோக்’தான் அதிகம் போயிருக்கிறது. எங்கள் பாண்டுங் ஊர்த் தெருக்களில் விற்கும் மரவள்ளிமாவு உருண்டையின் பேரை வைத்து, குழந்தைத் தின்பண்டப் பைக்கென்று நான் வரைந்த குண்டு எழுத்துரு. இன்று பல் டாக்டர் பலகையிலும் தேர்தல் தட்டியிலும் அதுவே சிரித்துக்கொண்டு நிற்கிறது. வருடக்கணக்கில் பாடுபட்ட என் மெலிந்த எழுத்துருவை வாங்கியது ஒரே ஆள். நான்தான், சோதித்துப் பார்க்க.

மே 24, வெள்ளி

குமிலாரின் கல்யாண அழைப்பிதழ். நாலு வருடம் என்னோடு சுற்றியவன், எனக்கே அனுப்பியிருக்கிறான். எழுத்து சிலோக். அதன் கன்னமெல்லாம் தன் கன்னத்தைப் பார்த்து வரைந்ததுதான் என்று அந்தத் தடியனுக்குத் தெரியாது.

போகமாட்டேன். போகாவிட்டால் அழுதுகொண்டு கிடக்கிறேன் என்பார்கள். மண்டப வாசலில் வாழ்த்து எழுதி நிறுத்தும் மலர்ப்பலகை ஒன்று அனுப்பிவிடலாம். இங்கே யார் பலகையின் வாசகத்தைப் படிக்கிறார்கள்? அனுப்பியவர் பேரைத்தான் தேடுவார்கள். இந்த ரெங்கானிஸ் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எல்லாரும் பார்க்கட்டும்.

மே 28, செவ்வாய்

பலகைக் கடை எந்தாங் அண்ணனிடம் என் மெலிந்த எழுத்தில் செய்யச் சொன்னேன்.

“வேணாம் தங்கச்சி. தெர்மாகோல்ல வெட்டினா உன் ஒல்லிக்குச்சி வண்டியில ஏறுறதுக்குள்ள முறிஞ்சிடும். குண்டுதான் தாங்கும். கல்யாணத்துக்கும் அதான், சாவுக்கும் அதான்.”

“சாவுக்குமா?”

“அழுவுற எழுத்து ஏதாவது இருந்தா குடு, போடுறேன்.”

வாசகப் பட்டை தயாராகவே இருக்கிறது: “புது வாழ்வுக்கு வாழ்த்துகள்”. கீழே பேர்களை மட்டும் புதிதாகக் குத்துவார்களாம். சரியென்று வந்துவிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

ஐயோ. ஐயையோ.

தோழி ஃபித்ரி மண்டபத்திலிருந்து படம் அனுப்பினாள். “உன் பலகைதான்டி அழகு! எல்லாரும் அதுகிட்ட நின்னுதான் செல்ஃபி எடுக்குறாங்க.” மேலே “ஆழ்ந்த இரங்கல்”. கீழே “குமிலார் – அஞ்சானி”. அதற்கும் கீழே, அன்புடன் நான். ஃபித்ரிகூடப் படிக்கவில்லை. முன்னால் மணமக்கள் சிரிக்கிறார்கள். பின்னால் எழுத்தும் சிரிக்கிறது.

எந்தாங் அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தினேன். “ரெண்டு பட்டையும் ஒரே குண்டு, ஒரே ரோஸ். அவசரத்துல மாத்திட்டோம். வரைஞ்சது நீதானே தங்கச்சி?” பழி என் தலையில்!

அப்படியானால் இன்னொரு பட்டை எங்கே?

ஜூன் 3, திங்கள்

எந்தாங் அண்ணனோடு, அந்த இன்னொரு பட்டை போன கோக்கோம் அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் புருஷன் சனிக்கிழமைதான் இறந்திருக்கிறார். வாசலில் “புது வாழ்வுக்கு வாழ்த்துகள்”. மன்னிப்புக் கேட்டுப் பலகையில் கை வைத்தோம்.

“எடுக்காதீங்க,” என்றார். “முப்பது வருஷம் அந்த மனுஷன்கிட்ட பட்டிருக்கேன். வந்ததுல இது ஒண்ணுதான் உண்மையச் சொல்லுது.” டீயும் கொடுத்தார்.

குமிலாரிடம் சொல்வதா? வேண்டுமென்றே செய்தேன் என்பான். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு திருப்தி வந்திருக்காது — சே, என்ன புத்தி எனக்கு!

ஜூன் 9, ஞாயிறு

இன்னும் யாரும் படிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

குமிலார் கூப்பிட்டான். குரலில் உயிரே இல்லை.

“அந்தப் பலகைய இன்னிக்குத்தான் படிச்சேன். வேணும்னேதானே அனுப்பினே?”

“இல்லப்பா, கடைக்காரர் மாத்திட்டார். அன்னிக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ.”

“அஞ்சானி அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. சும்மா ஆல்பத்தப் புரட்டிட்டிருந்தேன்... உனக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சேன்.”

இப்படி ஒரு போன் வராதா என்று எத்தனை நாள் வேண்டியிருக்கிறேன்! வந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பசித்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.