கெட்டமின் ஏற்றிக்கொண்டு திரும்பிய நாள்

செய்யூர்
கார்த்திகை 12

அன்பு மிகுந்த விஜயகுமாரி அண்ணிக்கு,

சியாமளா எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் அண்ணனும் சுகந்தானே? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தம்பிக்கு இரண்டு வருடமாக எத்தனையோ மாத்திரை மாற்றியும் மனச்சோர்வு குறையவில்லை அல்லவா? சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். கடலைக்கு அடிக்கிற பூச்சிமருந்தைக்கூட பக்கத்து வீட்டு வெங்கடேசனிடம் கொடுத்துவைத்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

செங்கல்பட்டு டாக்டர்தான் கெட்டமின் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். "அது மயக்க மருந்தாச்சே, போதைக்குப் பழகிடுவானே" என்று நீங்கள் பயந்தீர்கள். நானும் பயந்தேன். ஆபரேஷனுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவுதான், ஆஸ்பத்திரியில் மட்டும்தான், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வோம் என்றார் டாக்டர். கடைசியில் உங்கள் தம்பியே, "இப்டியே கெடக்க முடியாது சியாமளா, போட்டுக்கறேன்" என்றார்.

சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நர்ஸ் ஜாய்ஸ் அடிக்கடி பிரஷர் பார்த்தார். "ஒடம்பு எங்கியோ மெதக்கற மாதிரி கீது" என்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அடுத்த முறையும் அப்படியே. எனக்கு நம்பிக்கையே போய்விட்டது.

மூன்றாம் முறை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பஸ் கருங்குழி தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சியாமளா, இப்டி எளச்சிப் போயிட்ட?" என்றார். அண்ணி, அவர் என் முகத்தைப் பார்த்தே எத்தனை நாளாயிற்று! வீட்டுக்கு வந்ததும் ரசத்தில் உப்பில்லை என்று கோபித்தார். சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

இத்தோடு தீர்ந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. பலன் குறையலாம், திரும்ப ஏற்ற வேண்டிவரலாம், மாத்திரையும் நிறுத்தக்கூடாதாம். போன வாரம் ஒருநாள் மறுபடி எழுந்திருக்கவில்லை. ஆனால் சாயங்காலம் அவரே சட்டை மாட்டிக்கொண்டு, "டாக்டராண்ட போலாம் வா" என்றார். முன்பெல்லாம் நான் கெஞ்சினாலும் அசையாதவர்.

அவரோடு பேசும்போது, சரியாகிவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போதும்போல வம்புக்கு இழுங்கள்.

பொங்கலுக்கு அவசியம் வாருங்கள் அண்ணி. சமைக்க வேண்டாம், ஒரு வேலையும் செய்ய வேண்டாம். ஒரு பகல் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். நான் கொஞ்சம் தூங்க வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
சியாமளா