ஆல்பத்தில் வேண்டாத படம்

மாதக் கடைசி, செவ்வாய்.

படுத்த பிறகும் கோபம் அடங்கவில்லை. காலையில் சுரங்க வாசலில் ஒரு ஃபோர்மேனின் ரிட்டயர்மெண்ட் படம் எடுத்தேன். மாலை, பட்டாசு, குவார்ட்டர்ஸ் வரை ஊர்வலம், எல்லாம் வழக்கம்போல. அவரோடு ஒரே ஷிப்டில் உழைத்த காளியனுக்கும் இன்றுதான் கடைசி நாள். காளியன் காண்ட்ராக்ட் தொழிலாளி, அவருக்கு யாரும் மாலை வாங்கவில்லை. ஃபோர்மேன் தன் மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். இருவர் கண்ணும் கலங்கிவிட்டது. அதை எடுத்தேன்.

சாயங்காலம் ஃபோர்மேனே என் போட்டோ கடைக்கு வந்தார். "அந்த ஒரு படம் ஆல்பத்துல வேணாங்க. வூட்ல சொந்தக்காரங்க ஒரு மாதிரியா பேசிக்கினு இருக்காங்க."

என்ன மாதிரி என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டினார். காளியனின் சாதியைத்தான் பேசுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன்.

"ஆல்பம் உங்களோடதுங்க, எடுத்துடறேன். ஆனா அழிக்கமாட்டேன்."

அவர் போனதும் அதையே பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கடை முகப்பில் மாட்டலாமா என்று காளியனுக்குப் போன் செய்து கேட்டேன்.

"மாட்டுங்க. நான் எதுக்கு ஒளியணும்?" என்றார்.

மாட்டிவிட்டேன், ஃபோர்மேன் மகளின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே. நாளைக் காலையில் ஊர் திரும்பும் சொந்தக்காரர்கள் குறிஞ்சிப்பாடி பஸ்ஸுக்கு என் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும்.