பந்தியில் நந்தனா சொன்னது

அய்யா உண்டு.

இராஜாக்கமங்கலம்

என் மகள் சபிதாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மையும் உன் மகள் நந்தனாவும் அய்யா புண்ணியத்தில் சுகம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். தினம் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், உன் குரலைக் கேட்டால் எனக்கு இதைச் சொல்ல நாக்கு எழாது, அதனால் லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிற நம்ம ஊர் ராஜகுமாரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அம்மைக்கு மூட்டுவலி குறையவில்லை, காலையில் அடுப்படியில் நிற்க நேரமாகிறது. அது தெரிந்துதான் நீ, பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே காலைச் சாப்பாடு சாப்பிடட்டும், கூட்டாளிகளோடு இருந்தால் இரண்டு வாய் கூடுதல் இறங்கும் என்று சொன்னாய். நானும் ஆகட்டும் என்றேன், நீ கேட்கும்போதெல்லாம் சாப்பிடுகிறாள் என்றேன். அது பொய் மக்களே. மகள் வெளிநாட்டில் சம்பாதிக்கிறாள், பேத்தி அரசாங்கச் சோற்றுக்குத் தட்டேந்துகிறாள் என்று நாலு பேர் சொல்வார்களே என்று எனக்கு ஒரு வீறாப்பு. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற லீலாபாயிடம் போய் எங்கள் பிள்ளைக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளையிடமும், ஓசிச் சோறு தந்தா வாங்கப்பிடாது, நம்ம வீட்டுல சோறு உண்டுன்னு சொல்லணும் மக்கா என்று பழக்கினேன். அவள் வீட்டில் பாலில்லாத கட்டன்சாயாவும் பிஸ்கட்டும் மட்டும் தின்றுவிட்டுப் போய், மற்ற பிள்ளைகள் தின்று எழும்பும் வரை வராந்தாவில் தனியாக இருந்திருக்கிறாள்.

போன ஞாயிறு நம்ம அய்யா கோவிலான நிழல்தாங்கலில் மத்தியான வழிபாடு, உச்சிப்படிப்பு, முடிந்து எல்லாருக்கும் அன்னதர்மம். எப்போதும்போல் தலைப்பாகை கட்டிக்கொண்டு நான்தான் சோறு விளம்பினேன். பந்தியில் லீலாபாய்க்குப் பக்கத்தில் நந்தனா இருந்தாள். நான் குனிந்ததும் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு, எனக்கு வேண்டாம் பாட்டா, நம்ம வீட்டுல சோறு உண்டுல்லா என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அங்கே இருந்த எல்லாருக்கும்தான் வீட்டில் சோறு உண்டு. எனக்கும் உண்டு, ஆனாலும் பிறந்ததிலிருந்து அந்தப் பந்தியில் எல்லாரோடும் ஒன்றாக இருந்து தின்கிறேன், அதை ஓசி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. லீலாபாய் பிள்ளையின் கையை மெல்ல விலக்கி, விளம்புங்க அண்ணாச்சி என்றாள். அவள் இலையில் வைத்துவிட்டுக் கரண்டியை அடுத்த ஆளிடம் கொடுத்தேன். வெட்கத்தில் அன்றைக்கு நான் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலையில் நானே நந்தனாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், எம்பிள்ளைக்கும் வையும்மா என்று லீலாபாயிடம் கேட்டேன். உப்புமாவும் சாம்பாரும் தட்டில் விழுந்த பிறகும் பிள்ளை கை வைக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்னு மக்கா, பாட்டா சொன்னது தப்பு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தின்றாள், இன்னொரு தடவையும் வாங்கினாள். அத்தனை பசி மக்களே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, டூட்டி என்று உடம்பைக் கெடுக்காதே. அய்யா உன்னைக் காப்பார். ஒன்று மறக்காதே, இனி பிள்ளை சாப்பிட்டாளா என்று என்னிடம் கேட்காதே, அவளிடமே கேள். இதுவரை பேச்சு சாப்பாட்டுக்கு வந்ததும் அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டது நான்தான்.

உன் அப்பா
பகவதியப்பன்