மரைமலை என்றே சொல்கிறேன்

அக்கா, இன்று கடையில் மாசிக்கருவாடு சுற்ற எடுத்த பழைய சஞ்சிகைத் தாளில் ஒரு படம் கண்டேன். திமில் இல்லாத ஒட்டகக்குட்டி போல ஒரு விலங்கு, மலைச்சரிவில் தலை நிமிர்த்தி நிற்கிறது. தென்னமெரிக்காவில் கெச்சுவா பேசும் மலைச்சனங்கள் அதை 'வனாக்கு' என்கிறார்களாம். அது திரிந்த மலைகளுக்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்களாம். வெள்ளைக்காரர்களும் அவர்களிடமிருந்துதான் அந்தச் சொல்லை வாங்கினார்களாம். உங்களிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. மாசியை வேறு தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

தெல்தோட்டைப் பக்கம் நம் தோட்டத்தில் தேயிலைத் துண்டு ஒவ்வொன்றும் நமக்கு ஒரு மலைதானே. மரைமான் இறங்கித் தண்ணீர் குடித்த ஓடைக்கு மேலே இருந்தது மரைமலை. புதிதாக வந்த துரை அதற்குத் தான் பிறந்த ஊரின் பெயரை வைத்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் கங்காணி அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, "எல்லாரும் அங்க போங்க" என்றார். நீங்கள் கூடையை இறக்கி வைத்தீர்கள்.

"அப்படி ஒரு மலை இங்க இல்லீங்களே."

துரையே வந்து கைத்தடியால் காட்டினார். நீங்கள் அசையவில்லை.

"அது மரைமலைங்க. மரை தண்ணி குடிச்ச எடம். தொரையா வந்து குடிச்சாரு? மரைமலைக்குப் போகச் சொல்லுங்க, போறோம்."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அன்று மாலையே உங்களுக்கும் மாமாவுக்கும் பத்துச்சீட்டு கொடுத்து விலக்கிவிட்டார்கள். வேலையும் போயிற்று, லயத்து வீடும் போயிற்று. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, "பேர விட்டுட்டு வீட்ட வச்சிக்கிட்டு என்னடா பண்ண?" என்று என்னிடம் கேட்டீர்கள். அடுத்த மழைக்காலத்தில், வேறொரு தோட்டத்து லயத்தில், காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, அக்கா. தீரவும் வேண்டாம்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். துரை தன் ஊர்ப் பெயரை எழுதி வைத்த பலகை, பளபளவென்று பெயின்ட் அடித்து, அப்படியே நிற்கிறது. பிரட்டுக்களத்தில் அதே கங்காணி, தலை நரைத்துவிட்டது. பலகைக்கு முதுகைக் காட்டி நின்று கூவுகிறார்: "பொம்பளையாளுக எல்லாம் மரைமலைக்கு!" சனம் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

சற்று முன் முதலாளி அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப்பையில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "ஒங்கட ஊரு எது தம்பி?" என்றார்.

"மரைமலை."

"அப்படி ஒரு ஊரு எங்க ஈக்கிது? நான் கேள்விப்படல்லயே."

"இப்பக் கேட்டுட்டீங்கள்ள, மொதலாளி."