அடிஸ் அபாபாவுக்கு நேர் விமானம்

ஹிதார் மாதம் 2

இன்றும் விமான டிக்கெட் அலுவலகத்தில் நாள் முழுக்க இதே பேச்சு. எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதையேதான் கேட்கிறாள். அண்ணன் ஃபிக்ரெ வாஷிங்டனுக்குப் போய் ஆறு வருடமாகிறது, அவளுக்கு இன்னும் கணக்குப் பிடிபடவில்லை.

"பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்மா. நேர் விமானம்னா பதிமூணு மணி நேரத்துல இங்க வந்துடலாம்."

"கோண்டாருக்கு பஸ்ல போற மாதிரி எத்தனை தடவை?"

"பதினாறு."

"ஐயோ, எனக்கு ஒரு தடவைக்கே வாந்தி வரும். பாவம் என் பிள்ளை."

கிறிஸ்துமஸுக்கு வருகிறானாம். அம்மா இப்போதே வெண்ணெய் காய்ச்சி வைக்கிறாள்.

ஹிதார் 10

அம்மா போய்விட்டாள். தூக்கத்திலேயே.

ஹிதார் 13

துக்கம் கேட்க வருபவர்களுக்காக வாசலில் போட்ட கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் கிளம்பியாயிற்று. அண்ணனுக்கு இன்னும் தெரியாது. சாவுச் செய்தியைப் போனில் சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. ஆளை வரவழைத்து, விடியற்காலையில் உறவெல்லாம் சூழ நின்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு ஸெனபெச் அக்கா விரலை ஆட்டி எச்சரித்தாள்: "அந்நிய ஊர்ல தனியா இருக்கிறவன். கேட்டுட்டு யார் தோள்ல விழுவான்? வாயைத் திறந்தே, பாத்துக்கோ!"

சரி. நான் யார் தோளில் விழுவது?

ஹிதார் 16

ஞாயிறு. வழக்கம்போல அண்ணன் கூப்பிட்டான். "அம்மாகிட்ட குடு."

"தூங்கறா."

"இப்பவா?"

"கால் வலி. மாத்திரை போட்டிருக்கா. டாக்டர் உன்னைப் பாக்கணும்கிறார்... கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்காம வந்துடேன்."

"நேர் விமானம் பதிமூணு மணி நேரம்தானே?" என்றான். ஆமாம் என்றேன். டிக்கெட்டைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொன்னான்.

அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். அழக்கூட முடியவில்லை — அழுது குரல் கம்மினால், மறுபடி கூப்பிடும்போது கண்டுபிடித்துவிடுவானே.

ஹிதார் 19

முட்டாள்! ஃபிராங்க்ஃபர்ட், கெய்ரோ என்று இரண்டு இடத்தில் இறங்கி ஏறி வருகிறானாம். ஒன்றேகால் நாள். விலையும் கூட. நேர் விமானத்தில் இடம் இருந்ததை நானே பார்த்தேன். என் தொழிலே இதுதானே, என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியும் ஒரு பிள்ளை இப்படியா ஊரைச் சுற்றிக்கொண்டு வருவான்?

ஹிதார் 22

வந்துவிட்டான். தாடி வைத்திருக்கிறான். ஸெனபெச் அக்கா வீட்டில் சாப்பிட வைத்துப் படுக்க வைத்தோம். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹிதார் 23

விடியலில் பெரியவர்கள் சூழ நின்று சொன்னார்கள். தரையில் விழுந்து அழுதான், ஆனால் திடுக்கிடவில்லை. எல்லோரும் காப்பி குடிக்க நகர்ந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"என் போன் வந்தா அம்மா என்னிக்குத் தூங்கியிருக்கா?"

"அப்புறம் எதுக்கு அண்ணா அப்படி ஊரைச் சுத்தி வந்தே?"

மூக்கைச் சிந்திக்கொண்டான். "நான் வந்து சேர்ற வரைக்கும் யாரும் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். அதுவரைக்கும் அம்மா இருப்பாளே, ஹிருத். பதிமூணு மணி நேரம் போதலை."

அப்புறம்தான் நான் அழுதேன். அவன் தோளில்.